ஒரே பிரேமுக்குள் இருந்த இருவர்

ஞாயிறு காலை செல்வி ரெலிபோன் எடுத்தாள். “அக்கா, எங்கட லான் அக்கா மோசம் போயிட்டாவாம்” என்றாள். ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் பிளாஸ்ரிக் பெட்டி செய்யும் பக்டரியில் எங்கள் இருவருக்கும் வேலை பழக்கிய வியட்நாம்காரர் அவர். ரிசீவரை வைத்த பிறகும் அவர் இறந்துபோனதை நினைத்து எனக்கு அழுகை நிற்கவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்த அதட்டல் மறக்காது. ஒரு மூடி கோணினாலும், “கண்ணை வீட்டில விட்டிட்டோ வந்தனீ?” என்பார். அவர் சொன்னது அரைகுறை ஆங்கிலத்தில்தான், நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். மத்தியானம் தன் சோற்றில் பாதியையும் தருவார்.

லான் அக்காவின் அண்ணன் வியட்நாம் போரில் வடக்குப் படையிலும் தம்பி தெற்குப் படையிலும் சண்டையிட்டு இறந்தவர்கள். வென்றது வடக்கு. அவர்கள் ஊரில் அண்ணனுக்கு அரசாங்கம் கல்லறை கட்டி மாலை போட்டது. தம்பியின் பெயரைச் சொல்லவே பயம். தாய் தம்பியின் படத்தை அண்ணனின் படத்துக்குப் பின்னால், அதே பிரேமுக்குள் ஒளித்து வைத்துக் கும்பிட்டார். தோற்றவர்கள் தப்பி வந்த ரொறன்ரோவில் எல்லாம் தலைகீழ். ஊரில் வெற்றி விழா நடக்கும் ஏப்ரல் கடைசி நாளில் இங்கே தெற்கின் பழைய மஞ்சள் கொடியைப் பிடித்து அழுவார்கள். அதனால் இங்கே லான் அக்கா அண்ணனைத் தம்பிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

அவர்களது திவசத்தில் படையல் வைத்து, ஊதுபத்தி எரிந்து முடிந்த பிறகே எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். தாய் இறந்த வருடம் தம்பியின் திவசத்துக்கு லான் அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். போனால் மேசையில் இரண்டு படங்கள், நடுவில் ஒரே ஊதுபத்திக் கிண்ணம். அவர் கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. தம்பியின் மேலதிகாரியாக இருந்த கப்டன் வரப்போகிறார். இங்குள்ள வியட்நாம் ஆட்களிடையே அவர் சொல்தான் சொல். பகைத்தால் நல்லது கெட்டதுக்கு வாசற்படி மிதிக்க ஆள் இராது.

ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு திரும்பிய கப்டன், வடக்குப் படையின் நட்சத்திரத் தொப்பி போட்ட அண்ணனின் முகத்தைக் கண்டு நின்றுவிட்டார். தணிந்த குரலில் ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அப்படியான மிரட்டல் குரலை எங்கள் ஊரிலும் கேட்டிருக்கிறேன். லான் அக்கா கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்.

கப்டனின் கையில் ஊதுபத்தி எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் அதை அந்தக் கிண்ணத்திலேயே குத்திவிட்டு, கும்பிடாமல், சாப்பிடாமல் வெளியேறினார். வந்திருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கோட்டு மாட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் பக்டரியில்தான் கேட்டறிந்தேன். படத்தை எடு, இல்லையென்றால் ஒருவரும் சாப்பிடமாட்டோம் என்றாராம் கப்டன். தான் சொன்னதை லான் அக்கா இப்படிச் சொன்னார்:

“அண்ணை இவ்வளவு வருசமும் தம்பிக்குப் பின்னாலதான் இருந்தவர். நீங்கள் கொளுத்தினதெல்லாம் அவருக்கும்தான் போனது. அம்மாவும் செத்திட்டா. இனி நான் ஒருத்தரையும் ஒளிக்கமாட்டன்.”

பிறகு அந்த வீட்டுக்கு அவர்கள் வரவில்லை. நேற்றுச் செத்தவீட்டிலும் எங்கள் பக்டரி ஆட்கள்தான் கூடுதல். அவர்களில் கப்டன் மட்டும் வந்தார். அங்கும் வைத்திருந்த அண்ணன் தம்பி படங்களுக்கு நடுவில் ஊதுபத்தி குத்தி, இம்முறை குனிந்து கும்பிட்டார்.

எனக்கும் இரண்டு அண்ணன்மார், இலங்கையில் வேறு வேறு போராளி இயக்கங்களில் இருந்தவர்கள். பெரியண்ணையின் ஆட்கள்தான் சின்னண்ணையைச் சுட்டார்கள். பெரியண்ணை ஆமியோடு சண்டையில் செத்தார். வருகிறவர்கள் அவரை வீரன் என்பார்கள். சுவரில் அவர் படம் மட்டுமே இருந்தது. சின்னண்ணை சூட்கேசுக்குள் இருந்தார்.

இன்று பெரியண்ணைக்குத் திவசம். காலையில் சின்னண்ணையையும் பக்கத்தில் மாட்டினேன். “ஆக்கள் வருகினம், பிறகு மாட்டுமன்” என்று என் கணவர் கெஞ்சினார். லான் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிலைதான் எனக்கு அவர் விட்டுப்போனது. படம் சுவரில் இருக்கிறது. பின்னேரம் ஆட்கள் வருவார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு விளக்குத்தான் ஏற்றப்போகிறேன்.