என் பெயரில் வந்த நாவல்

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் கதை எழுத ஆரம்பித்த பிறகும், கேட்டவர்களிடமெல்லாம் என் மாமனார், "மவுண்ட் ரோட்ல ஆபீஸ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கபாலி கோயில் குளத்தைச் சுற்றி இருந்த எங்கள் உறவுக்காரர்களில் வக்கீல் உண்டு, ஆடிட்டர் உண்டு, சங்கீத வாத்தியார் உண்டு. மாதத்துக்கு ஒரு கொலை எழுதுகிறவனை அந்த வரிசையில் எங்கே உட்காரவைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதே மாமனார் ஊருக்குப் போகும்போது என் புத்தகத்தைச் செய்தித்தாளுக்குள் மடித்துவைத்துக்கொண்டு ரயிலேறுவார். நானே பார்த்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி மாத நாவல் பத்திரிகை ஒன்று தொடங்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கதை படிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் எது விற்கும் என்பது விரலால் துணியைத் தொட்டதும் தெரிவதுபோல அவருக்குத் தெரியும். வாரப் பத்திரிகையில் வந்த என் தொடர்கதை ஒன்றை யாரோ சொல்லக் கேட்டு ஆளனுப்பினார். என் சொந்தப் பெயர் கோயில் குருக்கள் பெயர் மாதிரி இருக்கிறது, அதில் துப்பாக்கி வெடித்தால் சத்தமே வராது என்று சொல்லிவிட்டு, அவரே ஒரு பெயர் வைத்தார். கூர்மையான, சின்னப் பெயர். அந்தப் பெயர் இரண்டே வருடத்தில் தமிழ்நாடு முழுவதும் பரவிவிட்டது. நான் ஆபீஸை விட்டேன்.

எழுதும் முறை தலைகீழானது. முதலில் அட்டைப்படம் வந்துவிடும். சிவப்புப் புடவையில் ஒருத்தி அலறுவாள், பின்னால் ஒரு நீச்சல் குளம், குளத்தில் ஒரு கை. அந்தக் கை யாருடையது என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதையும் அடுத்த இதழ் அட்டைக்கு முன்னால் கண்டுபிடித்தாக வேண்டும். நான் சோம்பேறி இல்லை. போலீஸ்காரர்களிடம் பேசினேன், விஷங்களைப் பற்றிப் படித்தேன். வாசகன் பக்கத்தைத் திருப்பாமல் புத்தகத்தை மூடக்கூடாது என்பதற்காக ஒரு வாக்கியத்தைப் பலமுறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

சிரிக்கிறவர்களில் முதல் ஆள் என் நண்பன். மயிலாப்பூரில் ஒரு டுடோரியல் காலேஜில் ஆங்கிலப் பாடம் எடுத்தான். மிச்ச நேரத்தில் ஒரு சிற்றேடு நடத்தினான். அதன் வாசகர்கள் எல்லாரையும் ஒரே ஹோட்டலில் உட்காரவைத்து காபி வாங்கிக் கொடுத்துவிடலாம். கூட்டங்களில் அவன் பேசும்போது என் பெயரைச் சொல்லமாட்டான். "மாதம் ஒரு பிணம் போடும் பேனாக்கள்" என்பான். எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். கூட்டம் முடிந்ததும் அவனே வந்து தோளில் கைபோட்டு, "வாடா, டிபன் சாப்பிடலாம்" என்று கூப்பிடுவான். எனக்கும் அவன் வேண்டியிருந்தான். நான் என்றாவது ஒருநாள் நிஜமான ஒரு நாவல் எழுதுவேன் என்று நம்பிய ஒரே ஆள் அவன் என்று நினைத்திருந்தேன்.

அந்த நாவல் என் அப்பாவைப் பற்றியது. அப்பா ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வாத்தியார். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் பிள்ளைகளின் விரல்களைப் பிடித்துச் சரியான கட்டையில் வைத்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போய், வலது பக்கம் விழுந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்தார். இடது கை மட்டும் விரிப்பின்மேல் அசைந்துகொண்டே இருந்தது. பிடித்து நிறுத்தினால் விட்டதும் மறுபடி ஆரம்பிக்கும். நர்ஸ் அதை வலிப்பு என்றாள். எனக்கு டைப்பிங் கற்றுக்கொடுத்ததே அப்பாதான். அந்த விரல்கள் டைப் அடிக்கின்றன என்று எனக்குத் தெரிந்தது. ஏதோ சொல்ல வருகிறார், அம்மாவைப் பற்றியோ என்னைப் பற்றியோ கடைசியாக ஒன்று சொல்லப்போகிறார் என்று குனிந்து உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஏ, எஸ், டி, எஃப். மறுபடி ஏ, எஸ், டி, எஃப். முதல் நாள் பாடம். அவ்வளவுதான். அதை அடித்துக்கொண்டே போய்விட்டார்.

இதை என் மனைவிக்குச் சொல்லியிருந்தேன். நண்பனுக்கு எலியட்ஸ் கடற்கரையில் சொன்னேன். அப்போதெல்லாம் பஸ் பிடித்து அடையாறு போய், அங்கிருந்து பேசிக்கொண்டே நடந்து போவோம். மாலையில் கடற்கரையில் நாலைந்து பேர்கூட இருக்கமாட்டார்கள். நான் சொல்லி முடித்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "இதைப் போய் அந்தக் குப்பையில போட்டுடாதேடா, நன்னா எழுது" என்றான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். உப்பில்லாத மோர்சாதமும் கீழாநெல்லியுமாகப் படுத்துக் கிடந்தேன். பேனாவைத் தூக்கவே முடியாது. அந்த மாத அட்டை அதற்குள் அச்சாகிவிட்டிருந்தது. முதலாளி சாத்துக்குடிப் பையோடு அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வந்தார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார். உடம்பைப் பாத்துக்கிடுங்க. புக்கை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

பழைய கதை ஒன்றை மறுபதிப்புப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து உட்காரத் தொடங்கிய நாட்களில் ஒரு பிற்பகல், என் மனைவி சமையலறைப் படியில் உட்கார்ந்து அந்த மாதப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பொதுவாக என் கதைகளை அவள் படிக்கமாட்டாள், பயம். அன்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எப்போன்னா எழுதினேள் இதை? அப்பாவைப் பத்தி எழுதப்போறேன்னு சொல்லிண்டே இருந்தேளே. படிச்சிண்டு வரச்சே அப்படியே தூக்கிவாரிப் போட்டுடுத்து."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அட்டையில் என் பெயர், நான் பார்க்காத கதை. ஒரு பணக்காரரை விஷம் வைத்துக் கொல்கிறார்கள். பேச்சு போய், வலது பக்கம் செயலிழந்து கிடக்கிறார். இடது கை மட்டும் விரிப்பின்மேல் அசைகிறது. அதை எல்லாரும் வலிப்பு என்கிறார்கள். ஸ்டெனோகிராஃபராக வேலை பார்க்கும் ஒரு பெண் அந்த விரல்களைப் படிக்கிறாள். கொலைகாரன் பெயரை அவர் டைப் அடிக்கிறார். டைப்ரைட்டரில் இடது கைப் பக்கத்து எழுத்துக்களால் மட்டுமே அமையும் ஒரு பெயரை எழுதியவன் தேடிப் பிடித்து வைத்திருந்தான். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பிரமாதமான வேலை. ஆஸ்பத்திரி அத்தியாயத்தின் நடையும் நன்றாக இருந்தது. நான் எழுதியிருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்குமா என்று அந்த நிமிஷத்திலேயே ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தச் சந்தேகத்தைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நான் எழுதலே" என்றேன்.

அவள் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பின்னே யாருக்குத் தெரியும் இது?" என்றாள். கேட்ட பிறகு அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

நடக்கத் தெம்பு வந்ததும் முதலில் தி.நகருக்குப் போனேன். மாம்பலம் ஸ்டேஷன் புத்தகக் கடைக்காரர் தூரத்திலிருந்தே கையாட்டினார். "சார், ஒடம்பு சரியில்லன்னாங்கோ, இன்னா ஆச்சு? ஆனா இந்த தபா புக்கு சோக்கா கீது சார். வந்தவுடனே காலி. அந்த வெரல் மேட்டர் படிச்சிட்டு எங்க ஊட்லயே அழுதுகினு கீறாங்கோ." நான் தலையாட்டிவிட்டு நடந்தேன்.

முதலாளியின் அறை ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே முகூர்த்தப் புடவைக் கூட்டம். புதுத்துணி வாசனை படியேறி அறை வரைக்கும் வந்தது.

"யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு சார் இப்போ? நல்லா வந்திருக்குல்லா. முதல்ல உக்காருங்க, மோர் சொல்லுதேன்."

"என் பேர்ல வந்திருக்கு."

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உங்க பேரா? உங்க பேரு உங்கப்பா வச்ச பேருல்லா சார். அதை நான் தொடவே இல்லையே. இந்தப் பேரு நான் வச்சது. கடைக்குப் போர்டு வச்ச மாதிரி. கணக்கப்பிள்ளைக்குக் காய்ச்சல்னா கடையைச் சாத்துவோமா?"

அவர் என்னை அவமதிக்க நினைக்கவில்லை. அதுதான் கொடுமை. தனக்குத் தெரிந்த நியாயத்தை ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். நான் மோரைக் குடித்துவிட்டு இறங்கினேன். சண்டை போட்டுவிட்டு வேறு எங்கே போவது? அந்தப் பெயர் இல்லாமல் நான் யாருமில்லை. என் சொந்தப் பெயரைத் தபால்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று மாலை நண்பனின் அறைக்குப் போனேன். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கட்டில்மேல் அவனுடைய சிற்றேட்டின் புதிய இதழ், கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. அச்சுக்கூலி எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவனும் மறைக்க முயலவில்லை.

"நீ படுத்துண்டிருந்தே. முதலாளி ஆள் அனுப்பினார். யாராவது எழுதத்தான் போறான், நானே எழுதிட்டேன்" என்றான்.

"என் அப்பாடா அது."

"தெரியும்."

"அந்தக் குப்பையில போடாதேன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். எத்தனை வருஷம் ஆச்சு அதைச் சொல்லி? நீ எழுதினியா? எழுதமாட்டேடா. ஒவ்வொரு மாசமும் யாரையாவது கொன்னுண்டு, அப்பாவை அடுத்த வருஷம் எழுதறேன், அடுத்த வருஷம் எழுதறேன்னு சொல்லிண்டே இருப்பே." இதழ்க் கட்டின் கயிற்றை அவிழ்த்தபடி, "இன்னொண்ணு சொல்லட்டுமா? நீ சொன்னதுல அந்த விரல் வெறுமனே அடிச்சிண்டு இருந்தது. நான் அதுக்கு ஒரு அர்த்தம் குடுத்தேன்" என்றான்.

அடிக்கக் கை எழுந்தது. காமாலைக்காரனின் கை; பாதியிலேயே தளர்ந்துவிட்டது. அந்த விரல்களுக்கு அர்த்தம் இல்லை என்பதுதான் என் அப்பாவின் கதை. கடைசி நேரத்தில் எங்களுக்குச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை, அல்லது இருந்தும் விரல்களுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அதை அவனிடம் விளக்க நினைத்தேன். அவன் முகத்தில் ஒரு களிப்பு இருந்தது. நன்றாக எழுதிவிட்டவனுக்கு மட்டும் வரும் களிப்பு. எனக்கு அது நன்றாகத் தெரியும். எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு அடையாறு பக்கம் போகவில்லை. கூட்டங்களில் அவன் வழக்கம்போலப் பேனாக்களையும் பிணங்களையும் பற்றிப் பேசினான் என்று கேள்விப்பட்டேன்.

நான் மறுபடி மாத நாவல் எழுதத் தொடங்கினேன். வாசகர்கள் பாராட்டி எழுதிய கார்டுகளை முதலாளி கட்டுக்கட்டாக அனுப்பிவைத்தார். விரல் கதையைப் போல இன்னொன்று வேண்டும் என்று எல்லாரும் கேட்டிருந்தார்கள். முதலாளியும் சொன்னார்: "அந்த டைப்பு விஷயம் மாதிரி ஒண்ணு யோசிச்சுப் போடுங்க சார், உங்களால முடியும்."

சில வருடங்கள் கழித்து, பிடிவாதமாக உட்கார்ந்து அப்பாவைப் பற்றி எழுதினேன். நாவலாக வரவில்லை, ஒரு நீண்ட கதையாக வந்தது. கொலை இல்லை, கண்டுபிடிப்பு இல்லை. என் சொந்தப் பெயரைப் போட்டு, மயிலாப்பூரில் மதிப்பாக நடந்துவந்த ஒரு பத்திரிகைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் நல்ல மனிதர், வயதானவர். அடுத்த முறை போனபோது உட்காரவைத்து, கதையை என் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

"நடை நன்னா இருக்கு. ஆனா இந்த ஆஸ்பத்திரி சமாசாரம் ஒரு மர்ம நாவல்ல வந்ததாச்சே. எங்காத்துலயே படிச்சிருக்கா. நீங்க புதுசா எழுத வரேள், அடுத்தவா சரக்குல கைவைக்கலாமா?"

"அந்த நாவல் வந்த பேர்ல எழுதறது நான்தான் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். மரியாதை குறைந்ததா கூடியதா என்று சொல்லத் தெரியவில்லை.

"அப்படியா? அப்போ ஏற்கெனவே வித்தாச்சே" என்றார்.

அது நான் எழுதியதல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் யார் எழுதியது என்று கேட்பார். அதே பத்திரிகையில் மாதம் தவறாமல் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த என் பழைய நண்பன் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னாலும் நம்பமாட்டார். தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் கண் கூசியது. வீட்டில் அந்த மாதத்து அட்டை வந்து காத்திருந்தது: மலைப்பாதையில் கவிழ்ந்த ஒரு கார், கதவைப் பிடித்தபடி ஒரு பெண். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை எழுதி முடித்தேன். புத்தகம் நன்றாகவே விற்றது.