ஐந்நூறு அடியில் கேட்ட குரல்

கதை என்று நினைத்துச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறேன். அதுவும் நடுராத்திரியில் இல்லை, பளிச்சென்ற பகலில்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த காலம். நெட்டையன் என் அறைத்தோழன். ஒரே சோப்பை இரண்டாக வெட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம். சின்னப் பயிற்சி விமானத்தில் ஒருவன் ஓட்ட, மற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொள்வான். ஓட்டுபவன் நெற்றியில் ஒரு மறைப்பு மாட்டியிருக்கும். வெளியே எதுவும் தெரியாது. முன்னால் இருக்கும் கருவிகளை மட்டும் நம்பி ஓடுபாதைக்கு இறங்க வேண்டும்.

ஐந்நூறு அடியில் வேகம், இறக்கம், திசை எல்லாம் ஒழுங்காக இருந்தால் பக்கத்தில் இருப்பவன் "ஸ்டேபிள்" என்பான். இல்லையென்றால் "மேல போ". மறுபேச்சில்லாமல் ஏறிவிட வேண்டும். அந்த ஒரு வார்த்தையிடம் உயிரை ஒப்படைத்துப் பழகியிருந்தோம்.

அன்று அவன் முறை. "நீயே ஓட்டுடா" என்றான். எதையும் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஐந்நூறு அடி.

"ஸ்டேபிள்." ஹெட்போனில் நெட்டையன் குரல்.

ஆனால் திசை காட்டும் ஊசி இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. வேகமும் கூடியிருந்தது.

"சரியாத்தான் இருக்கா?"

"ஸ்டேபிள்."

அதே சுருதி. அதே இழுப்பு. நடுவில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை... வெளியே பார்ப்பவன் அவன்தானே என்று நம்பினேன்.

முந்நூறு அடி. ஊசி ஓரத்தில் போய் முட்டிவிட்டது.

"டேய்... என்னடா?"

"ஸ்டேபிள்... ஸ்டேபிள்..."

மறைப்பைப் பிடுங்கி எறிந்தேன்.

ஓடுபாதை எங்கோ இடப்பக்கம். நேர் எதிரே மரங்கள்.

நெட்டையன் வெளியே பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் உதடுகள் இறுக மூடியிருந்தன.

"ஸ்டேபிள்..."

காதுக்குள்...

முழு விசையும் கொடுத்து மேலே ஏற்றினேன். சக்கரத்தில் இலைகள் உரசின.

எப்படியோ தரையிறங்கினோம். கீழே குதித்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏன்டா சொல்லல?"

"நான் வாயே திறக்கல."

போன வாரம் பயிற்றுநரோடு பறந்தபோது அவனுக்கும் இப்படிக் கேட்டதாம். பயிற்றுநர்தான் கட்டுப்பாட்டைப் பிடுங்கி விமானத்தை ஏற்றினாராம். கேட்டது அவர் குரல் இல்லையாம்.

"உன் குரல்டா."

"அன்னிக்கு நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன். மாத்திரை வாங்கித் தந்ததே நீதானே?"

"தெரியும். அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல. மறுபடியும் உன் குரல் வந்தா, உன் வாய் அசையுதான்னு பார்க்கணும்னு நினைச்சேன்."

அதற்காகத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறான். அதற்காகத்தான் மரங்கள் வரும்வரை சும்மா இருந்திருக்கிறான். அந்தக் குரல் என்னை ஏமாற்றியதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. சோப்பைப் பாதி கொடுத்தவன் என்னைத் தூண்டிலில் மாட்டிப் பார்த்ததுதான் நெஞ்சை அறுத்தது.

"ஸ்டேபிள்னு கேட்டப்போ என் வாய் அசைஞ்சுதா?"

"இல்ல."

"குரல்?"

அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"இப்பவும் கேக்குதுடா..."

எங்கள் ஹெட்போன்கள் இரண்டும் விமானத்துக்குள்ளேயே கிடந்தன.