பக்கத்து வீட்டுப் பீப்பாய்க்குப் போன கப்பி மீன்

2006 மழைக்காலம். பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் தொழிலாளர் வீட்டு வரிசையில், நாங்கள் இருந்தோம். டவுனில் பஸ்ஸுக்கு நின்றபோது ஆசைப்பட்டு ஒரு ஜோடி கப்பி மீன் வாங்கிவந்தேன். கப்பி முட்டையிடாது, குட்டி போடும். போட்ட கையோடு தாயே அதுகளைத் தின்றும்விடும். முதல் தடவை அப்படித்தான் எல்லாம் போயிற்று. மனசு கேட்கவில்லை. ஓடையிலிருந்து பாசி அள்ளிவந்து அடர்த்தியாகப் போட்டேன். குட்டிகள் அதற்குள் ஒளிந்து பிழைத்தன. அப்புறம் வாசலில் பேசின் பேசினாக மீன்தான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர்கள் வீட்டு ரொட்டியும் எங்கள் வீட்டுக் குழம்பும் மாறி மாறிப் போகிற உறவு எங்களுடையது. மாற்றுத்துணி எடுக்க வந்த அக்கா என் வாசலில் நின்று கத்தினாள்.

“தண்ணியத் தேக்கி வச்சு கொசு வளக்குறியா? எல்லாத்தையும் சாக்கடைக் கானுல கொட்டு!”

எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

“மீனு இருக்குற தண்ணியில கொசு எப்படிக்கா வரும்?”

லயமே அவள் பக்கம் நின்றது. சுகாதாரப் பரிசோதகர் வந்து சொன்னால் கொட்டிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. பிள்ளைபோல வளர்த்ததைக் கானில் கொட்டுவதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பரிசோதகர் வந்தார். சிங்களவர், தமிழும் பேசினார். வெள்ளை அகப்பையால் என் பேசின்களில் அள்ளி அள்ளிப் பார்த்தார். ஒரு கொசுப் புழுகூட இல்லை. நான் அக்காவை ஒரு பார்வை பார்த்தேன்.

அடுத்து அவள் வீட்டுப் பீப்பாய். எங்கள் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதனால் கூரையில் வடியும் மழைநீரை எல்லோருமே பிடித்து வைப்போம். அக்கா சுத்தக்காரி. நிறைந்த பீப்பாயைத் தன் படங்கால், அதாவது கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றுகிற பிளாஸ்டிக் விரிப்பால், மூடிக் கட்டியிருந்தாள். அந்தப் படங்கின் நடுப்பகுதி மழையில் பள்ளமாகி, அதில் தெளிந்த தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது.

“ஐயோ, எம்புள்ளைக்கு நானே…” என்று அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பய வென்ன எப்பா அம்மா, பயப்பட வேணாம். நல்லதுக்குத்தானே மூடினீங்க” என்றார் பரிசோதகர். அந்தப் புழுத் தண்ணீரில் ஓர் அகப்பை எடுத்து என் பேசினில் ஊற்றினார். கண்மூடித் திறப்பதற்குள் கப்பிகள் தின்று தீர்த்தன. “படங்க எடுத்துட்டு, இந்த மீன உள்ள போடுங்க.”

அக்காவைக் கேட்பதற்கு ஒரு மூட்டை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்த் தேயிலை வடியை எடுத்துவந்தேன். வயிறு பெருத்த கப்பிகளாகப் பார்த்து அள்ளி, ஒரு பிடி பாசியோடு அவள் பீப்பாயில் விட்டேன்.

“எல்லாம் வயித்துக்காரிங்கக்கா. பாப்பா வீட்டுக்கு வர்றப்ப குட்டி இருக்கும் பாருங்க.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

பாப்பா மெலிந்துபோய் வந்தாள். வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. நேரே பீப்பாயை எட்டிப் பார்த்து, “அம்மா, குட்டி!” என்று கூவினாள். அக்காவும் நானும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலை முட்டிக்கொண்டது. இன்றைக்கும் யார்மீதாவது கோபம் பொங்கினால், பாசிக்கு நடுவே எங்கள் மூன்று முகமும் சேர்ந்து தெரிந்த அந்தத் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்து என் வாயை அடக்கிவிடுகிறது.