கௌபாய் படத்தில் எங்கள் ஊர்ச் சாம்பல்

எண்ணூரில் எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் என் அண்ணனுக்கு எதுவும் பிடிக்காது. பேய் சீரியல் வந்தால், "இன்னா, பேயோட பொடவ இம்மாம் வெள்ளையா கீது? நம்ம ஏரியால ஒரு மணி நேரம் தாங்குமா?" என்பான். மந்திரவாதி கைதட்டி மாளிகையை வரவழைத்தால், "பட்டா கீதா?" என்று கேட்பான்.

தமிழில் டப் செய்த கௌபாய் படத்துக்கு மட்டும் மரியாதை. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். "எம்மாம் புழுதி பாரு! இவன்தான் நெஜத்த எட்த்துகீறான்."

எனக்குச் சந்தேகம். எழுந்துபோய் ஈரத்துணியால் திரையைத் துடைத்தேன். துணி கறுத்தது. பாதிப் பாலைவனம் எங்கள் ஊர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுடையது. இப்போது திரையில் பளிச்சென்று நீல வானம், அழுக்கே படாத சட்டையில் கௌபாய்.

அண்ணன் ரிமோட்டை எடுத்தான்.

"தூ, இதுவும் டூப்பு."