நாடா வைத்த கைலி

என் மாமா பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த அந்தக் கோடை விடுமுறையில் ஆம்பளைப் பிள்ளையான நானும் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிந்தால் இன்னும் அசிங்கமாக இருக்கும். அவர்கள் கையில் போட்டோ வேறு இருக்கிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சேந்தமங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காட்டில் அவருக்குக் கோழிப்பண்ணை. பண்ணை வேலைக்கு எல்லோரையும் போல அவரும் கைலியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொண்டுதான் இறங்குவார். அதில் ஒரு சிக்கல் உண்டு. முட்டை எடுத்துக்கொண்டு வருகிறவனுக்கு இரண்டு கையிலும் முட்டை அட்டைகள் இருக்கும். கைலி அந்த நேரம் பார்த்துத்தான் தளரும். முட்டையை விடுவதா, மானத்தை விடுவதா என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். ஒருநாள் மாமா மானத்தைப் பிடித்துக்கொண்டார். உடைந்ததில் தேறியதைக்கொண்டு அன்றைக்கு எங்கள் வீட்டில் மூன்று வேளையும் ஆம்லெட்.

மறுநாளே ஊதாக் கட்டம் போட்ட புதுக் கைலி ஒன்றை எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். முழங்கால் அளவுக்கு வெட்டி, சுற்றி மூட்டி, இடுப்பில் நாடா கோத்துத் தர வேண்டும் என்றார். பிள்ளைக்கு என்ன வயது என்று தையல்காரர் கேட்டார். மாமா சட்டையைத் தூக்கித் தன் இடுப்பைக் காட்டினார். அளவெடுத்து முடிக்கிற வரைக்கும் தையல்காரர் கையில் டேப் குலுங்கிக்கொண்டே இருந்தது. மிச்சத் துணியில் எனக்கும் ஒன்று வேண்டும் என்று கடைவாசலில் புரண்டு அழுதேன். அழுது சாதித்ததில் என் வாழ்க்கையிலேயே இதைவிட மட்டமான பொருள் வேறில்லை.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் நாங்கள் நுழைந்ததும் ஒருவர் எழுந்து, பொம்பளைங்க நிக்கறாங்க, பெஞ்சுல எடம் குடுங்கப்பா என்றார். இளவட்டங்கள் போனை எடுத்து போட்டோ பிடித்தார்கள். நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டர், முன்னாடி லேடீஸ் சீட்டு காலியாக இருக்கிறதே என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். மாமா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு உண்மையாகவே போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள் என்று பஸ்ஸே எட்டிப் பார்த்தது. அவர்களோ தையல்கூலி எவ்வளவு, துணி சாயம் போகுமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மாமா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். என்னை மடியில் வைத்துக்கொண்ட ஒரு பாட்டி மட்டும் நாமக்கல் வரைக்கும் என் தலைமுடியைத் தடவி, அடுத்த வருசம் நல்லா வளந்துரும் கண்ணு என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாமாவுக்குத் துணை நின்றவர் ஒரே ஒருவர்தான். முட்டை ஏற்ற வண்டி கொண்டுவரும் சேலத்து பாய். அவர் கட்டியிருந்ததும் மூட்டிய கைலிதான். மாமாவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நம்முளுதுக்கும் இதுக்கும் நாடா ஒண்ணுதானே வித்தியாசம் என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை மாமா இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு யார் கிண்டல் செய்தாலும் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

"நாடா போட்டா பொம்பள, போடாட்டி ஆம்பளையா? ஆம்பளைத்தனம் நாடாவுலயாங்க இருக்குது?"

அம்மாவுக்குத்தான் இதில் சிரிப்பே வரவில்லை. மாமாவுக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. காடு இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, பண்ணை இருந்தது. கோழி வாசனையடிக்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஜாதகம் பொருந்தினால் பெண் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை கேட்டது. பெண் சரியென்றால் அதன் அத்தை வேண்டாம் என்றாள். கடைசியாகத் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வர ஒத்துக்கொண்டது. பெண்ணின் அப்பாரு, அதாவது தாத்தா, பார்த்துச் சரி என்றால் சரி. தரகர் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொல்லியிருந்தார். அந்தப் பெரியவருக்கு மரியாதை முக்கியம். அவர் முன்னால் மடித்துக் கட்டியதை இறக்கிவிடாமல் நின்றான் என்பதற்காகவே போன வருசம் ஒரு மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பியவர்.

எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. ரோட்டில் பெரியவர் ஒருவர் எதிரில் வந்தால் கை தானாகப் போய் மடிப்பை இறக்கிவிடும். வண்டியில் போகிறவன்கூட ஒரு கையால் இறக்கிவிட்டு, அவரைத் தாண்டியதும் மறுபடி மடித்துக் கட்டுவான்.

அம்மா அன்று காலையிலேயே வேட்டியை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்துவிட்டாள். "டேய் தம்பி, இந்த எடமும் போச்சுன்னா இனி நீ கோழியவேதான் கட்டிக்கோணும். சாயந்தரம் அவிய வாரப்ப உன்ற இடுப்புல வேட்டிதான் இருக்கோணும், ஆமா."

சாயந்தரம் என்று சொன்னவர்கள் காலைப் பலகார நேரத்துக்கே வந்துவிட்டார்கள். சொன்ன நேரத்துக்குப் போனால் துடைத்து வைத்த வீட்டைத்தான் பார்க்க முடியும் என்பது அப்பாருவின் கணக்காம். கார் நேரே பண்ணைக் கொட்டகைக்கே வந்து நின்றது. அவர் மட்டும் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வாசலில் நின்றிருந்த என்னைத் தலையிலிருந்து பார்க்காமல் காலிலிருந்து பார்த்தார்.

"அம்மிணி, உங்க மாமன் எங்க சாமி?"

நான் பதில் சொல்வதற்குள் மாமாவே வந்துவிட்டார். இரண்டு கையிலும் அடுக்கிய முட்டை அட்டைகள். இடுப்பில் ஊதாக் கட்டம். பெரியவரைக் கண்டதும் யார் என்று புரிந்துவிட்டது. அட்டைகளை என் கையில் திணித்தார். அவர் கை தானாக முழங்காலுக்குப் போனது. மடிப்பை இறக்கிவிடத்தான்.

மடிப்பு இருந்தால்தானே?

பெரியவர் காத்துக்கொண்டு நின்றார். மாமாவின் கை முழங்காலைச் சுற்றித் தடவித் தடவிப் பார்த்தது. பிறகு அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு வலிக்கும். சட்டென்று நாடாவை அவிழ்த்து, பாவாடையை இடுப்பிலிருந்து கீழே தள்ளி, அது முழங்காலுக்கு நாலு விரல் கீழே வரும்படி இறக்கிவிட்டார். மரியாதை முடிந்தது. அந்த அவசரத்தில் நாடாவின் ஒரு முனை இடுப்புத் தையலுக்குள்ளே போய் மறைந்துகொண்டது. இனி முடிச்சுப் போட வழியில்லை. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் கைகூப்பினார். மாமா இடுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பெரியவர் முகம் இறுகியது. கார் சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா பாதி வழியிலேயே தலையில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். மாமாவைக் காப்பாற்ற அங்கே என்னைவிட்டால் ஆளில்லை.

"மாமா கும்புட மாட்டாருங்க. கும்புட்டா பாவாட உளுந்துரும்ங்க."

காருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் பீறிட்ட சிரிப்பு. பின் கண்ணாடி இறங்கி, வளையல் போட்ட கை ஒன்று என்னை வா என்று அழைத்தது. நாமக்கல் கோயிலுக்குப் போகிற சாக்கில் பெண்ணையும் கூட்டி வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டார்கள், போக வேண்டும், அவ்வளவுதான். கையில் இருந்த அட்டைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பெரியவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினேன்.

அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். "சாமி, இதைக் கொண்டுபோயி உங்க மாமனுக்குக் குடுங்க. நாடாவ உருவி, முனையில குத்தி உள்ளாற தள்ளோணும். மெதுவா, அவசரப்படாம."

திரும்பி வந்தால் பெரியவர் ஒரு மாதிரியாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் முட்டை. வேட்டி தளர்ந்துகொண்டிருந்தது. இரண்டு முழங்கையாலும் இடுப்பை அழுத்திக்கொண்டு, நகர முடியாமல், மாமாவின் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இப்போது கோபம் இல்லை, கொஞ்சம் பொறாமை இருந்தது. அம்மா ஓடிப்போய் அட்டைகளை வாங்கினாள். வேட்டியை இறுக்கிக் கட்டியதும் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து இருமி, இருமிச் சிரித்து, அம்மாவிடம் சொன்னார்: "எறக்கியுடறதுக்கு ஒண்ணுமில்லாதப்பவும் எறக்கியுட்டான் பாரு ஆத்தா. எனக்கு அது போதும். மத்தத உள்ள உக்காந்து பேசலாம்."

மாமா கொட்டகைக்குள் போய் ஊக்கால் நாடாவை மீட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். கண்ணெல்லாம் காரின் மேல்தான். அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானே அவர் கையிலிருந்து ஊக்கைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு ஓடினேன். அந்த அக்கா வாங்கிக்கொள்ளவில்லை.

"அவியளே வெச்சிருக்கட்டும் சாமி. நான் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லுங்க."

சொன்னேன். மாமா ஊக்கைச் சட்டைப்பையில் போட்டு, அது இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ பெரிய கவலையாகிவிட்டது. ஒரு ஊக்கை வாங்கிக்கொள்வதற்காகத் திருச்செங்கோட்டிலிருந்து இன்னொரு தடவை வரப் போகிறார்களாமே. இவ்வளவு கஞ்சமான வீட்டிலா மாமாவுக்குப் பெண் எடுப்பது?