பூச்சியத்தில் திருகிய வால்வு

என் கணவர் காலமான பிறகு அவருடைய அறை யாருக்கும் தேவைப்படவில்லை. இந்தக் குளிர்நாட்டில், செயின்ட்-மிஷேலில் இருக்கும் எங்கள் வீட்டில், வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குச் சூட்டைத் தானாகவே கட்டுப்படுத்தும் வால்வுகள் பூட்டியபோது, அந்த அறை வால்வை மட்டும் பூச்சியத்துக்குத் திருகிக் கதவைச் சாத்தினேன். ஜன்னல் சற்றுத் திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

ஜனவரிக் குளிரில் ஒரு காலை கீழ்வீட்டு அண்ணை ஓடி வந்தார். "தங்கச்சி, எங்கட சீலிங்கால தண்ணி ஊத்துது!"

அந்த அறைக் கதவைத் திறந்தோம். தண்ணீர் உறைந்து ரேடியேட்டர் வெடித்திருந்தது. என் கணவருடைய சப்பாத்துகள் வெள்ளத்தில் மிதந்தன. எனக்கு அழுகை வரவில்லை.

அண்ணை பேஸ்மென்டுக்குப் போய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்தார். "ஏன் பூச்சியத்தில விட்டனீங்கள்?"

"அறையில ஆக்கள் இல்லைத்தானே அண்ணை."

அண்ணை துடைப்பத்தை எடுத்தார்.

இப்போது அந்த வால்வை, தண்ணீர் உறையாத அளவுக்குச் சூடு விடும் பனிப்பூக் குறிக்குக் கீழே இறக்குவதில்லை. காலையில் அந்த அறைக்குள் போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் போடுகிறேன்.