அனுபவச் சான்றும் தறி நின்ற நாட்களும்

என் இஞ்சினியர் இறந்தபோது முதலில் எனக்கு அழுகைதான் வந்தது. அனுபவச் சான்றிதழின் ஞாபகம் மூன்றாம் நாள் வந்தது. இந்த வரிசையில் வந்ததை என் நல்ல குணங்களில் ஒன்றாக இன்றும் சேர்த்துக்கொள்கிறேன்.

சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவரிடம் லைசென்ஸ் இருந்தது. என்னிடம் ஸ்கேல் இருந்தது. வீடுகளுக்குப் படம் போடுவேன், வேலை நடக்கிற இடத்துக்குப் போய்க் கம்பிகளை எண்ணுவேன், மேஸ்திரியோடு சண்டை போடுவேன். கடைசியில் படத்தின் மூலையில் அவருடைய கையெழுத்து விழும். என் பெயர் எங்கேயும் இருக்காது. அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. கட்டடப் படத்தில் கையெழுத்துப் போட லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வாங்க, அது உள்ள ஒருவரிடம் ஐந்து வருஷம் வேலை செய்ததாக அவரே எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து வருஷம் முடிந்தது. "அடுத்த வாரம் டைப் அடிச்சிக் குடுத்துடறேன்மா" என்றார். அந்த அடுத்த வாரத்தில்தான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது.

அதன் பிறகு ஒரு வருஷம், நான் போட்ட படங்களைச் சுருட்டிக்கொண்டு வேறொரு இஞ்சினியரின் வாசலில் நின்றேன். கையெழுத்துப் போடும் முன் அவர் ஒவ்வொரு படத்திலும் ஒரு ஜன்னலை இடம் மாற்றுவார். காரணம் கேட்டால் "காத்து" என்பார். கிழக்கே இருந்த ஜன்னல் மேற்கே போகும். அடுத்த வீட்டில் மேற்கே இருந்தது கிழக்கே வரும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை அவர் வாரத்துக்கு ஒருமுறை முடிவு செய்தார். என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு கோபம் வேறு யார்மீதும் வந்ததில்லை. லைசென்ஸ் எதற்கு என்று கேட்டவர்களிடம் முன்னேற்றம், சுயதொழில் என்றெல்லாம் சொன்னேன். உண்மையில் எனக்கு அது அந்த ஜன்னல்களுக்காகத்தான் வேண்டியிருந்தது.

லைசென்ஸுக்கு விண்ணப்பம் வாங்கப் போன அலுவலகத்தில் ஒரு வழி சொன்னார்கள். சான்று தர வேண்டியவர் உயிரோடு இல்லையென்றால், வீட்டுச் சொந்தக்காரர்களிடம் கடிதம் வாங்கி, நான் வேலையைப் பார்வையிட்ட தேதிகளோடு கொடுக்கலாம். மேலதிகாரி பார்த்து முடிவு செய்வார். அப்படிப் பதினோரு வீடுகள் தேறின. கடிதம் கேட்டால் எல்லோரும் சொல்லிவைத்தது போல, "நீயே எழுதி எடுத்துகினு வாம்மா, போட்டுடறேன்" என்றார்கள். எழுதினேன். 'இவருடைய மேற்பார்வை எங்களுக்கு முழுத் திருப்தி அளித்தது' என்று பதினோரு முறை எழுதினேன். யாரும் படித்துப் பார்க்கவில்லை. பெரணமல்லூர்க்காரர் ஒருவர் பஸ்ஸின் பக்கத் தகரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பஸ் கிளம்பியதால் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் நீளம்.

மேலதிகாரி எல்லாக் கடிதங்களையும் பொறுமையாகப் படித்தார்.

"பதினோரு வீடு. ஒரே திருப்தி" என்றார்.

"கையெழுத்து வேற வேறங்க சார்."

"அது தெரியுது. கடிதம் எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"இப்ப எழுதினது எனக்கு வேணாம்மா. வேலை நடந்தப்ப, அன்னன்னிக்கி எழுதினது எதனா இருந்தா கொண்டாங்க. ஒரு மாசம் டைம் தர்றேன். இல்லன்னா வேற ஒருத்தர்கிட்ட புதுசா அஞ்சு வருஷம் வேலை செஞ்சிட்டு வாங்க."

அந்த வேற ஒருத்தர் யாராக இருப்பார் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஐந்து வருஷ ஜன்னல்களை எண்ணிக்கொண்டே படியிறங்கினேன்.

அன்றன்றைக்கு எழுதியவை இல்லாமல் இல்லை. என் இஞ்சினியர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரிஜிஸ்டர் வைத்திருந்தார். அவர் வீட்டில் போய்க் கேட்டேன். காரியம் முடிந்த கையோடு அறையைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டதாக அவர் மனைவி சொன்னார். அந்த வருஷம் ஆரணியில் பக்கோடா வாங்கியவர்கள் சிலர் என் அனுபவத்தில் சுற்றித்தான் வாங்கியிருப்பார்கள்.

மறுபடியும் வீடு வீடாகப் போனேன். தேதி யாருக்கும் நினைவில்லை. "ஆடிக்கு முன்னால" என்றார் ஒருவர். "எங்க மச்சான் கல்யாணத்துக்கு அப்பால" என்றார் இன்னொருவர். பத்து வீடும் முடிந்து, மாசமும் முடியப் போகும்போதுதான் முள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். அந்த வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

அது கணவனும் மனைவியும் பட்டு நெய்கிற வீடு. கூடத்துக்கு எல்லா வீடுகளையும் போலப் பத்தடி உயரம் வைத்துப் படம் போட்டிருந்தேன். குறுக்கே ஓடிய உத்திரம் அதிலிருந்து ஒன்றரை அடி கீழே தொங்கும். சரியாக அதற்குக் கீழேதான் தறி வந்தது. கரைக்கும் முந்திக்கும் பூப்போடுகிற ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உட்கார வேண்டும். அதைத் தூக்கி வைத்தபோது உத்திரத்தில் இடித்தது. தறிக்கு மேலே ஒரு பெட்டி உட்காரும் என்பது ஆரணியில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். நானும் ஆரணியில் பிறந்து வளர்ந்தவள்தான். என் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், எங்கள் வீட்டில் தறி கிடையாது. இது காரணம் ஆகுமே தவிர சமாதானம் ஆகாது. உத்திரத்தை வெட்ட முடியாது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் வீட்டுக்காரரே தறி நிற்கிற இடத்தில் தரையை ஓர் அடி பறித்து, தறியைக் கீழே இறக்கிவிட்டார். என் விண்ணப்பத்தில் இந்த வீட்டுக்கு நேராக, 'தறிக்கூடத்தின் உயரம் தேவைக்கேற்பத் திருத்தி அமைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. யார் திருத்தியது என்பதுதான் இல்லை.

நான் போனபோது அந்த வீட்டு அக்கா தறியில் இருந்தார். தேதி வேண்டும் என்றேன்.

"தேதியா? தறி நின்ன நோட்டு இருக்குதே. அதுல நீயும் இருப்ப."

பட்டு கொடுக்கிற முதலாளி சேலைக்கு நாள் குறித்துத்தான் கொடுப்பார். நாள் தள்ளினால் ஏன் என்று கேட்பார். அதற்காக அந்த அக்கா, தறி நின்ற ஒவ்வொரு நாளையும் காரணத்தோடு ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். மழை, காய்ச்சல், சாவு. பழைய வீட்டை ஒட்டிப் புது வீடு கட்டிய வருஷத்தில் காரணம் பெரும்பாலும் நாங்கள்தான்.

'அஸ்திவாரம் தோண்டறாங்க. தூசு. தறி நின்னுச்சு. இஞ்சினியர் பொண்ணு வந்துச்சு. மேஸ்திரிகிட்ட சண்டை.' அதற்குக் கீழே வேறொரு தேதியில், 'இஞ்சினியர் பொண்ணு வந்துச்சு. சண்டை.' பிறகு, 'புது வூட்ல தறி ஏத்தினோம். பெட்டி உத்தரத்துல இடிக்குது.' மறுநாள், 'இஞ்சினியர் பொண்ணு வந்துச்சு. அண்ணாந்து பாத்துச்சு. போயிடுச்சு.' அதற்கு மறுநாள், 'மறுபடி அண்ணாந்து பாத்துச்சு.'

அதற்குப் பிறகு ஒரு வரி இருந்தது. 'தறி நிக்குது. களம்பூர் மில்லுக்கு நெல்லு காய வைக்கப் போனேன்.' அடுத்த நாளும் களம்பூர். அதற்கு அடுத்த நாளும்.

அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் சும்மா காத்திருந்தார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போன நாட்களில், அந்த அக்கா வெயிலில் நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. நோட்டைக் கொடுக்கும்போது அவர், "ஜல்தி கொண்டாந்துடும்மா, அப்பால பேஜாராயிடும்" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜெராக்ஸ் கடையில் நின்று, உத்திரப் பக்கங்களை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்றால் அதுதான் பொய். எண்ணிப் பார்த்தேன். நான் வந்ததாகப் பத்தொன்பது இடத்தில் இருந்தது. அதில் பன்னிரண்டு உத்திரத்தைப் பார்க்க வந்தவை. ஒழுங்காக நடந்த வேலைக்கு நான் அதிகம் போயிருக்கவில்லை, போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. என் அனுபவத்துக்கு இருந்த ஒரே ஆதாரம் என் தப்புதான். எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து, நோட்டையும் கொண்டுபோனேன்.

அதிகாரி சத்தமாகவே படித்தார்.

"அண்ணாந்து பாத்துச்சு. போயிடுச்சு. இது நீங்களா?"

"நான்தான் சார்."

"என்ன பண்ணீங்க?"

"அண்ணாந்து பாத்தேன் சார்."

"சரி பண்ணது யாரு?"

"வீட்டுக்காரர் சார். தறியை ஒரு அடி கீழ எறக்கினாரு."

களம்பூர் வரிகள் வந்தபோது அவர் சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டு மனதுக்குள் படித்தார். பிறகு என் விண்ணப்பத்தை எடுத்து, 'தேவைக்கேற்பத் திருத்தி அமைக்கப்பட்டது' என்ற வரியை அடித்து, என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நடந்ததை எழுதுங்க."

'உத்திரத்தின் உயரத்தில் நான் தவறு செய்தேன். வீட்டு உரிமையாளரான நெசவாளர் தறியை இறக்கிச் சரிசெய்தார். இடையில் பதினாறு நாள் தறி நின்றது' என்று எழுதினேன். அந்த விண்ணப்பத்தில் நான் தடுமாறி எழுதிய இடம் அது ஒன்றுதான்.

"இந்த நோட்டுல இருக்கிற ஆளு மத்த பத்து வீட்டுக்கும் போயிருப்பீங்க. நம்பறேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுக்க முள்ளிப்பட்டு போனேன். லைசென்ஸ் வந்துவிடும் என்று சொன்னேன். "நல்லா இரு" என்றார் அக்கா. கிளம்பியிருக்கலாம். கிளம்ப முடியவில்லை.

"அக்கா, அந்த உத்தரம் என் தப்புதான். நீங்க மில்லுக்குப் போனது எனக்குத் தெரியவே தெரியாது. மன்னிச்சிக்கங்க."

அவர் தறியை நிறுத்தவில்லை. நூலை இழுத்துக்கொண்டு நாடா இரண்டு முறை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது.

"இத்த அன்னிக்கே வந்து சொல்லியிருந்தீன்னா, அதையும் எழுதி வெச்சிருப்பேன்மா" என்றார். "தேதியோட இருந்திருக்கும்."